ஆடிக்காற்றில் ஆர்கான் நிற்குமா?

வைகாசி மாதம் ஒரு மதியம். மொட்டைமாடியிலிருந்து இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து பிளந்து கிடக்கிறது. மாடிப்படியில் தண்ணீர் அருவியாக இறங்குகிறது. தொட்டி விழுந்த இடத்தில்தான் அம்மா காலையில் வடாம் பிழிந்து காயவைத்திருந்தார். காக்காயை விரட்ட அங்கேயே உட்கார்ந்திருந்தவர், தாகமாக இருக்கிறதென்று கீழே இறங்கி வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

தொட்டியைத் தாங்கிய இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களில் ஒன்று, வெல்டிங் வைத்த இடத்தில் அப்படியே விட்டுப்போயிருந்தது. செய்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து அம்மா மாடிப் பக்கமே போகவில்லை. “எனக்கு என்னமோ அந்தச் சத்தம் காதுலயே இருக்கு” என்பார்.

புது ஸ்டாண்ட் செய்ய மூன்று பட்டறைகளில் விசாரித்தேன். முதலாமவர், “ராடு வெல்டிங்கே போதும்க்கா” என்றார். இரண்டாமவர், “அதெல்லாம் பழசு, சி.ஓ.டூ-வுல அடிச்சுடலாம்” என்றார். மூன்றாமவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ரேட் சொல்லி, “ஆர்கான் வெல்டிங்தான் ஸ்ட்ராங்கு. ஆயுசுக்கும் போகாது” என்று அடித்துச் சொன்னார். புடவைக் கடையில் எந்தத் துணி சாயம் போகும் என்று எனக்குத் தெரியும். இதில் எதைக் கேட்பது, எதை நம்புவது?

அப்போதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது. திருச்சி ‘பெல்’ தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன் செய்தேன். “இதைப் போன்ல எப்படிம்மா சொல்றது? உடைஞ்ச துண்டை ஒரு பையில போட்டுக்கிட்டு ரயிலேறி வா. நேர்ல காட்டுறேன்” என்றார்.

எறும்பு ஏறிய ஊர்

மஞ்சப்பையில் இரும்புத் துண்டோடு கும்பகோணத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். ஆடி மாதம். தஞ்சாவூர், பூதலூர் தாண்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய அளவுக்குக் காற்று. திருச்சிக்குச் சற்று முன்னால் திருவெறும்பூர். சின்ன ஸ்டேஷன். இறங்கியதும் கண்ணில் படுவது எறும்பீஸ்வரர் கோயில் இருக்கும் குன்று. அசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து வழிபட, அவர்கள் ஏற வசதியாக ஈசன் புற்றாக மாறிச் சாய்ந்துகொடுத்தார் என்பது தலபுராணம். அப்பர் பாடிய தலம், சோழர் காலத்துக் கற்கோயில்.

சித்தப்பா டி.வி.எஸ். வண்டியோடு காத்திருந்தார். தஞ்சாவூர் ரோட்டில் ஏறியதும் காட்சி மாறுகிறது. வழியெல்லாம் தகர ஷெட்டுகள். ஆளுயரக் குழாய்கள், வளைத்த தகடுகள், பெயர் தெரியாத இரும்பு ராட்சசர்கள் லாரிகளில் சங்கிலி போட்டுக் காத்திருக்கின்றன. சக்கரத்துக்கு மேல் சக்கரம் வைத்த நீளமான டிரெய்லர்கள்.

“இந்த ஊரே வெல்டிங்ல பொழைக்கிற ஊரும்மா” என்றார் சித்தப்பா. இரும்பு வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-ல் பொன்மலைக்கு வந்தது. ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைக்கூட அங்கே செய்திருக்கிறார்கள். 1965-ல் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் உதவியோடு பெல் பாய்லர் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு உதிரி பாகம் செய்துகொடுக்கத்தான் துவாக்குடி வரை இத்தனை ஷெட்டுகள் முளைத்தன. 1975-ல் பெல் வளாகத்திலேயே வெல்டிங்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையமும் வந்தது. இந்தப் பக்கத்துப் பையன்கள் வெல்டிங் கற்றுக்கொண்டு வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு.

“பாய்லர்னா என்ன சித்தப்பா? பெரிய குக்கரா?”

“அப்படியே வெச்சுக்க. ஆனா உன் குக்கர் விசில் அடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான். அனல் மின்நிலைய பாய்லர்ல 150 கிலோவுக்கும் மேல. நீராவி சூடு 540 டிகிரி. அதைத் தாங்குற குழாய்ல ஆயிரக்கணக்குல ஜாயின்ட் இருக்கும். ஒண்ணு கசிஞ்சாலும் மொத்தத்தையும் நிறுத்தணும். கரன்ட் போகும்.”

அவர் எழுதிய தேர்வைப் பற்றியும் சொன்னார். ஒரு குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் அண்ணாந்தும் சுற்றிவந்து முடிக்க வேண்டும். ‘சிக்ஸ் ஜி’ என்று பெயர். முடித்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுள் முழுக்கச் செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும்.

ஃபேன் ஓடாத ஷெட்

முதலில் ஒரு டீக்கடை. கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு மஞ்சப்பையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தார். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிப்பாரே, அப்படி வெளிச்சத்தில் பிடித்தார்.

“மேலே பாரு, வெல்டு பார்க்க உருண்டையா, அழகாத்தான் இருக்கு. அடியில பாரு. பெயின்ட் அப்படியே இருக்கு. துருவைத் தேய்க்கல, பெயின்டைச் சுரண்டல, அது மேலயே வெச்சிருக்கான். இரும்பு 1,538 டிகிரியில உருகும். ரெண்டு பக்கமும் உருகி ஒண்ணாக் கலந்தாத்தான் வெல்டிங். இது கலக்கல, ஒட்டிக்கிட்டு மட்டும் இருந்திருக்கு. பைப்பும் ஒன்றரை மி.மீ. கனம்தான். மேல் வாயை மூடாம விட்டதால மழைத்தண்ணி உள்ளே இறங்கி, உள்ளிருந்தே அரிச்சிருக்கு.”

எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அன்று “சல்லிசா முடிச்சுக் கொடுங்க” என்று பேரம் பேசியதே நான்தான்.

“தொட்டி முழுசா இருந்தா எவ்வளவு எடை தெரியுமா?” என்றார். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. ஒரு டன்! ஏதோ பக்கெட் தண்ணீர்போல் நினைத்து, ஒரு சின்ன கார் எடையை அம்மா தலைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவரின் ஷெட்டுக்கு அழைத்துப்போனார். முகத்துக்கு நேரே ஒரு ஸ்கிரீனைக் கையில் கொடுத்தார். “இதில்லாம அந்த வெளிச்சத்தைப் பார்த்துடாதே. ராத்திரி கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி உறுத்தும்.” அதில் பதித்த கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால், சூரியகிரகணம் பார்ப்பது போல ஒரு பச்சைப் புள்ளி மட்டும் நகர்கிறது.

உள்ளே அனல். சுவரில் பெரிய ஃபேன்கள் இருக்கின்றன. ஒன்றும் ஓடவில்லை. கரன்ட் இல்லையோ என்று கேட்டேன். சிரித்தார்கள்.

“இது சி.ஓ.டூ வெல்டிங். மிக் வெல்டிங்னும் சொல்வோம். துப்பாக்கி மாதிரி இருக்கே, அதிலேர்ந்து கம்பி தானா வந்துகிட்டே இருக்கும். கூடவே கேஸ் வந்து, உருகின இரும்பு மேல காத்து படாம குடை பிடிக்கும். ஃபேன் போட்டா குடை பறந்துடும். வெல்டுக்குள்ள காத்து புகுந்து இடியாப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா ஆயிடும்.”

வேகம் பிரமாதம். பத்து நிமிட வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. ஒரே மாதிரி நூறு கேட், ஆயிரம் பெஞ்ச் செய்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் சித்தப்பா ஒரு எச்சரிக்கையும் சொன்னார். கனமான இரும்பில் கரன்டைக் குறைவாக வைத்து ஓட்டினாலும் மேலே பார்க்க அழகாகவே வரும். அடியில் உருகியிருக்காது. “அழகைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது.”

ரவைக்குள் நெருப்பு

அடுத்த ஷெட்டில் இரண்டு விரல் கனத் தகட்டை உருளையாக வளைத்து வைத்திருந்தார்கள். ஒரு மெஷின் அதன் மேல் மெதுவாக நகர்கிறது. ரவை மாதிரி ஒரு பொடியைக் கொட்டிக்கொண்டே போகிறது. வெளிச்சமும் இல்லை, பொறியும் இல்லை. “எப்போ வெல்டிங் ஆரம்பிப்பாங்க?” என்றேன். “நடந்துக்கிட்டுதான் இருக்கு!” என்றார்கள். பொடிக்கு அடியில்தான் நெருப்பாம். சப்மெர்ஜ்டு ஆர்க் என்று பெயர். கனத்த தகடு, நீண்ட நேர்க்கோடு, சமதளம் என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. அண்ணாந்து செய்ய வேண்டிய இடத்தில் பொடி கொட்டிவிடும், உதவாது.

மூன்றாவது இடம் சின்னது, சுத்தமானது. எவர்சில்வர் குழாய்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மெல்லிய கம்பி. பொறியே பறக்கவில்லை, சத்தமும் இல்லை. இதுதான் நம் மூன்றாவது பட்டறைக்காரர் சொன்ன ஆர்கான். ‘டிக்’ என்பது முறையின் பெயர். டார்ச் முனையில் டங்ஸ்டன் ஊசி. அது உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் அது உருகாமல் நெருப்பை மட்டும் தருகிறது. குடை பிடிக்க ஆர்கான் வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் அதே ஆர்கான்தான்.

“ரெண்டு கையும் வேற வேற வேலை செய்யணும் ஆன்ட்டி. முதல் மூணு மாசம் அழுகையா வரும். அப்புறம் பழகிடும்” என்றார் அந்தப் பெண். அவர் வைத்திருந்த வெல்டு, சில்லறைக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியது போல இருந்தது.

பாய்லர் குழாயிலும் உள்பக்கத்து முதல் சுற்று இந்த முறையில்தான் வைப்பார்களாம். மேலே கனம் ஏற்றுவது வேறு முறையில். ஒரே ஜாயின்ட்டில் இரண்டு முறை! “எது ஒசத்தின்னு கேட்கவே கூடாதும்மா. எந்த இடத்துக்கு எதுன்னுதான் கேட்கணும்.”

எவர்சில்வர் கைப்பிடி செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சாதாரண இரும்புக் கம்பியை வைத்து வெல்டு செய்தால் அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கும். 304 ரக எவர்சில்வருக்கு 308எல் கம்பி வேண்டும். அலுமினியத்தின் கதை வேறு. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மாறுமின்னோட்டம், அதாவது ஏ.சி. கரன்டில் டிக் வெல்டிங் செய்கிறார்கள். அது அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும்.

அப்பளமும் ராடும்

“அப்போ நம்ம ஸ்டாண்டுக்கும் ஆர்கானே போட்டுடலாமா?” என்றேன். அந்த வேலையின் அழகு அப்படி.

சித்தப்பா என்னை ஷெட்டுக்கு வெளியே அழைத்துவந்து நிறுத்தினார். மண்ணை வாரி இறைத்தது காற்று. புடவைத் தலைப்பைப் பிடிக்க முடியவில்லை.

“உங்க வீட்டு மாடியிலயும் இதே காத்துதானே? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. ஆர்கான் நிக்குமா?”

ஸ்டாண்டின் கால்களை மாடியில் வைத்துத்தான் இணைக்க வேண்டும். அங்கே கேஸ் குடை நிற்காது. தார்ப்பாய் கட்டி மறைத்தாலும், ஆறு மி.மீ. ஆங்கிளை டிக் முறையில் செய்வது ஊசியால் மெத்தை தைப்பது போல. தப்பில்லை. ஆனால் நேரமும் காசும் வீண்.

“உனக்கு ராடுதான்” என்றார். மூவரில் குறைந்த ரேட் சொன்னவர் சொன்ன அதே பழைய ஆர்க் வெல்டிங்! ராடின் மேல் இருக்கும் பூச்சு எரிந்து தானே புகைக்குடை பிடிக்கிறது. கசடாக மாறி வெல்டின் மேல் போர்வையாகவும் படிகிறது. காற்று கொஞ்சம் அடித்தாலும் தாங்கும். சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டியதில்லை.

ராடிலும் நம்பர் இருக்கிறது. 6013 என்பது கிரில், கேட், ஸ்டாண்டு என்று வீட்டு வேலைக்குப் புழங்குவது. பாய்லர், பாலம் போன்றவற்றுக்கு 7018. முதல் இரண்டு எண்கள் வெல்டின் பலம். 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்று அர்த்தம். 7018-ஐ அடுப்பில் 300 டிகிரி வாக்கில் காயவைத்து, சூடு ஆறாமல் பெட்டியில் வைத்துத்தான் எடுப்பார்கள். ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, ஆறிய பிறகு, சில நேரம் மறுநாள்கூட, விரிசல் விடும்.

“நமத்துப்போன அப்பளத்தைப் பொரிச்சா எப்படி இருக்கும்?”

“பொரியாது.”

“ராடும் அப்படித்தான். உன் தொட்டிக்கு 6013 போதும். ஆனா பாக்கெட் பிரிச்சு மழையில நனைஞ்சதா இருக்கக் கூடாது.”

ஜி.ஐ. பைப் பற்றியும் எச்சரித்தார். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். அப்படியே வெல்டு வைத்தால் வெள்ளையாகப் புகை வரும். சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்ஜுரம் வரும். “பால் குடிச்சா சரியாயிடும்னு பசங்க சொல்வாங்க. பால் வயித்துக்குப் போகும். புகை நுரையீரலுக்குல்ல போகுது?” பூச்சை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும், காற்று வரும் பக்கமாக நின்று செய்ய வேண்டும்.

வேலை கொடுக்கும் முன்...

சித்தப்பா சொல்லச் சொல்ல நான் போனில் குறித்துக்கொண்டது இது:

* என்ன உலோகம், எத்தனை மி.மீ. கனம், எவ்வளவு எடை தாங்க வேண்டும், ஷெட்டிலா வெட்டவெளியிலா? இந்த நான்கையும் முதலில் சொல்லுங்கள். முறையை அதன் பிறகு முடிவு செய்யலாம்.
* திறந்தவெளி, கனமான இரும்பு, ரிப்பேர் வேலை: ராடு. ஷெட்டுக்குள் நிறைய, வேகமாக: சி.ஓ.டூ. எவர்சில்வர், அலுமினியம், மெல்லிய குழாய்: ஆர்கான்.
* துரு, பெயின்ட், எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே வெல்டு வைக்கச் சொல்லுங்கள்.
* எடை தாங்கும் ஜாயின்ட்டில் அங்கங்கே பொட்டு வைத்தால் போதாது. முழு நீளத்துக்கும் வேண்டும்.
* பெயின்ட் அடிக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டும். கசடைத் தட்டி எடுத்து, ஓட்டை, விரிசல் இல்லையென்று பார்த்த பிறகே பிரைமர்.
* தொட்டி ஸ்டாண்டின் கால்கள் வெறும் தளத்தின் மேல் நிற்கக் கூடாது. அடியில் பீம் அல்லது பில்லர் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

குன்றின் மேல்

சாயங்காலம் எறும்பீஸ்வரர் கோயிலுக்குப் படியேறினோம். மேலே காற்று இன்னும் பலம். மேற்கே தூரத்தில் மலைக்கோட்டை. கீழே தகரக் கூரைகள். இருட்ட ஆரம்பித்ததும் அந்தக் கூரைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல வெளிச்சம் மினுங்கி அணைந்தது.

“முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன். நான் வெச்ச வெல்டு எதையும் எரியுற பாய்லருக்குள்ள நான் பார்த்ததில்லை. எந்த ஊர்ல எந்தக் குழாயில இருக்குன்னும் தெரியாது” என்றார் சித்தப்பா. “ஆனா எங்கேயோ ஒருத்தன் அது பக்கத்துல நின்னு வேலை பார்க்கிறான். அவனுக்கு என்னைத் தெரியாது. அந்த நினைப்பு மட்டும் இருந்தாப் போதும், துருவைத் தேய்க்காம வெல்டு வைக்கக் கை வராது.”

ஆவணியில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ராடு என்று சொன்ன முதல் பட்டறைக்காரருக்கே வேலையைக் கொடுத்தோம். ஆறு மி.மீ. ஆங்கிள், குறுக்கே சாய்வுக் கம்பிகள், கால்களுக்கு அடியில் தகடு. சித்தப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் முறைத்த பட்டறைக்காரர், மதியச் சாப்பாட்டுக்குள் “ஐயா, இந்த மூலையை எப்படி வைக்கலாம்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மிச்சமான பணத்தில் கூடுதலாக ஒரு கோட் பிரைமர் அடித்தோம். தொட்டியில் முதலில் பாதித் தண்ணீர். ஒரு ராத்திரி விட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்த்து, பிறகு முழுத் தண்ணீர்.

அம்மா கீழேயே நின்று, “ஆச்சா? கெட்டியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்களே வந்து பாருங்க அண்ணி” என்றார் சித்தப்பா. அம்மா வரவில்லை.

சித்தப்பா ஊருக்குத் திரும்பி நாலைந்து நாள் இருக்கும். நல்ல வெயில். அடுப்படியில் இருந்தேன். மாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“ஏய், அந்த வடாம் அச்சை எடுத்துட்டு மேலே வா!”